பேர் எழுத ஆறு கட்டம்

புரட்டாசி 6, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். காயப்போட்ட மொச்சையை அள்ளி, திரும்பப் பரப்பி, திரும்ப அள்ளி. இடுப்பு போச்சு.

நிவேதா மூன்று மணி பஸ்ஸில் பெங்களூர் கிளம்பிவிட்டாள். என் பேத்தி. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அவளுக்குக் கீழே நாலு பேர். கார்த்திகையில் கல்யாணம். கல்யாணப் பெண் லீவில் வந்தால் புடவை பார்ப்பாள். இவள் பரண் மேல் ஏறினாள். சின்ன வயசில் விளையாடின டிவி கேம் பெட்டியைத் தேடி எடுத்தாள். எலி கடிக்கவில்லை. அதில் சொருகுகிற கேசட் ஒன்றே ஒன்று. மேலே ஒட்டியிருந்த படம் கிழிந்து மொட்டையாக இருக்கிறது. புது டிவியில் ஓடாதாம். என் அறையில் இருக்கிற சர்க்கார் இலவச டிவியில்தான் ஓடுகிறது. அதைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடலாம் என்று எத்தனை தடவை சொன்னார்கள். நல்லவேளை போடவில்லை.

இப்படிப் பழைய கேம் எல்லாம் தேடி ஆடுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம். அவர்களோடு போனில் எழுதிக்கொள்வாளாம். இந்தக் கேமை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. பேர்கூடத் தெரியாது. கடைசியில் என்ன வரும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

"நீ முடிக்கலியா கண்ணு?"

"ஒம்பது ஸ்டேஜ் ஆயா. ஆறைத் தாண்டினதில்ல. அதுக்குள்ள பரீட்சைன்னு அம்மா தூக்கிப் பரண்ல போட்டுட்டாங்க."

"நான் முடிச்சி போட்டோ புடிச்சி அனுப்பறேன், பாத்துக்க."

அவள் அம்மா செல்வி, என் மருமகள், சிரித்தாள். "அத்தை, உங்களுக்கு போன்லயே ரெண்டு பட்டன் சேந்து அமுங்குது."

சிரிக்கட்டும். நான் படித்தது அஞ்சாவது. அந்த அஞ்சு வருஷமும் வகுப்பில் நான்தான் முதல்.

பஸ்ஸுக்குப் போகும் முன் நிவேதா பக்கத்து வாசலுக்குப் போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

புரட்டாசி 7, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. செல்வி எட்டு மணிக்குக் கம்பெனி வேனில் தையல் வேலைக்குப் போய்விட்டாள். களி கிண்டி, கீரை கடைந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ஒரு மணிக்கு உட்கார்ந்தேன்.

கேம் இதுதான். இரண்டு ஆள். ஒருத்தனுக்குச் சிவப்புச் சட்டை, ஒருத்தனுக்கு நீலச் சட்டை. கையில் சம்மட்டி. சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். வவ்வால், பாம்பு, உருண்டு வரும் கல். ஒரு பட்டன் குதிக்க, ஒரு பட்டன் அடிக்க. சிவப்பு எனக்கு. நீலம் சும்மா நிற்கிறான்.

எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை:
ஸ்டேஜ் 1, முதல் வவ்வாலை அடிக்கக்கூடாது. குனி. தானே போகும்.
ஸ்டேஜ் 2, பாம்பு மூன்று. மூன்றாவது திரும்பி வரும்.
ஏணியில் அவசரம் கூடாது.

ஸ்டேஜ் 3-இல் நின்றுபோச்சு. இரும்புக் கதவு. ஒரு கல்லின் மேல் ஏறி நின்றால் திறக்கிறது. இறங்கினால் மூடிக்கொள்கிறது. நின்றுகொண்டே எப்படிப் போவது? பதினோரு தடவை முயற்சி. கண்ணில் நீர்.

நிவேதாவுக்கு போன் போட்டேன்.

"ரெண்டு பேரு சேந்து ஆடற கேம் ஆயா அது. ஒருத்தர் நிக்கணும், ஒருத்தர் போவணும்."

"இத மொதல்லயே சொல்ல மாட்டியா?"

"சின்னாயாவைக் கூப்புடுங்க."

"வேற ஆளே இல்லியா ஊருல?"

"பகல்ல வூட்டுல வேற யாரு இருக்காங்க?"

வைத்துவிட்டாள். கெட்டிக்காரி. என் பேத்தி.

புரட்டாசி 8, செவ்வாய்

காவேரி வந்தாள். நான் கூப்பிடவில்லை.

காவேரி என் கொழுந்தன் பெண்சாதி, எனக்கு ஓரகத்தி, நிவேதாவுக்குச் சின்னாயா. ஒரே முற்றம், இரண்டு வாசல். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் கோழியிடம் சொல்வோம். 'தண்ணி விட்டுட்டாங்க, கொடம் வெக்கலாம்' என்று அவள் கோழியைப் பார்த்துச் சொல்வாள், நான் குடம் வைப்பேன். கோழி செத்தால் அடுத்த கோழி. என் வீட்டுக்காரர் செத்தபோதுகூட என் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை இல்லை.

இன்று இரண்டு மணிக்கு வந்து நிலையில் கொஞ்ச நேரம் நின்றாள். உட்கார்ந்தாள். கேம் பெட்டியின் இரண்டாவது ரிமோட்டை எடுத்தாள். டிவியைப் பார்த்துச் சொன்னாள்:

"செவப்புச் சட்டை அந்தக் கல்லு மேல நின்னா, நீலச் சட்டை உள்ள பூந்துக்கும்."

நானும் டிவியைப் பார்த்தேன். "செவப்பு நிக்கும். நீலம் ஆடி அசஞ்சி நிக்காம வெரசாப் போனாச் சரி."

கதவு தாண்டியாச்சு. உள்ளே போனவன் வேறு ஒரு கல்லில் ஏறினால் வெளியே நிற்பவனுக்குக் கதவு திறக்கிறது. அவள் ஏறினாள். நான் போனேன். இவ்வளவுதான். இதற்கா நேற்று பதினோரு தடவை.

ஒன்று கவனித்தேன். டிவியோடு பேசும்போது அவள் எனக்கு மரியாதைக்கு 'ங்க' போட வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷம் யோசித்திருந்தாலும் எனக்கு இந்த வழி தோன்றியிருக்காது. அவளுக்கு ஒரே நிமிஷத்தில் தோன்றுகிறது. பள்ளிக்கூடமே போகாதவள்.

புரட்டாசி 10, வியாழன்

நல்ல மழை. முற்றத்தில் தண்ணீர் நின்றது. அவள் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

உசிரு மொத்தம் அஞ்சு. இரண்டு பேருக்கும் பொது. நான் செத்தாலும் அவள் செத்தாலும் ஒரே இடத்திலிருந்துதான் குறைகிறது. அஞ்சும் தீர்ந்தால் முதலிலிருந்து. நடுவில் நிறுத்தி வைக்க வழி இல்லை. கரண்ட் போனாலும் முதலிலிருந்து.

ஸ்டேஜ் 4, இரண்டாவது வவ்வால் போன பிறகு குதி.
ஸ்டேஜ் 5, நீலம் முதலில். சிவப்பு மூன்று எண்ணி.
ஸ்டேஜ் 6, தெரியவில்லை. கல் மழை.

இன்று நாலு உசிரு நான் தீர்த்தேன். ஒன்று அவள்.

"செவப்புச் சட்டைக்குப் பொறுமையே இல்ல," என்றாள் டிவியிடம். "காலு தரையில நிக்க மாட்டேங்குது. பெரிய எடத்துப் புள்ளையாட்டம் இருக்குது."

"நீலச் சட்டை மூடிக்கிட்டு ஆடினா மூணு உசிராவது மிஞ்சும்."

சிரித்தாளா? பக்கவாட்டில் பார்த்தேன். தெரியவில்லை. விரல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. புளியங்கொட்டை எடுக்கிற கை அது. எனக்கு அந்த வேகம் இல்லை. இந்த நோட்டில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

டீ போட்டேன். இரண்டு டம்ளர். ஒன்றை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். குடித்தாள்.

புரட்டாசி 12, சனி

பெருமாள் சனி. குளியல், நாமம், சுண்டல். விளையாட்டு இல்லை, செல்விக்கு லீவு.

செல்வி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, பத்திரிகைக்குத் தாள் எழுதிடுங்க. மாசக் கடைசிக்குள்ள அச்சுக்குக் குடுத்துடணும். உங்க கையெழுத்துதான் அச்சாபீசுல புரியுதாம்."

எங்கள் வீட்டு விசேஷப் பத்திரிகை எல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். யார் பேர் முதலில், யார் பேர் அடுத்து, தாய்மாமன் எங்கே, பங்காளி எங்கே. ஒரு பேர் மேலே கீழே போனால் ஊரில் சண்டை.

"சின்னத்தைகிட்ட கேட்டேன்," என்றாள். "எம் பேரு போட வேண்டாம்னுட்டாங்க. 'போன வாட்டி பேரு இல்லாமலே விசேஷம் நல்லாத்தான நடந்துச்சி'ங்கறாங்க. கல்யாணத்துக்கும் வர மாட்டாங்களாம். நிவேதாகிட்ட சொன்னா, சின்னாயா வராம மணையில உக்கார மாட்டேங்கறா. நான் என்னாத்த பண்றது, சொல்லுங்க."

போன வாட்டி என்றால் நிவேதாவின் மஞ்சள் நீராட்டு. பன்னிரண்டு வருஷம் முன்னால். அந்தப் பத்திரிகையில் காவேரி பேர் இல்லை. காவேரிக்குப் பிள்ளை இல்லை, நிவேதாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவள் பேர் இல்லை. அச்சுக்காரன் விட்டுவிட்டான் என்று அப்போது சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்தது அதுதான்.

சுண்டலில் உப்பு கூடிப்போச்சு.

புரட்டாசி 14, திங்கள்

ஸ்டேஜ் 6 முடிந்தது. நிவேதா போகாத இடம். கல் மழையில் ஓடக்கூடாது. சம்மட்டியைத் தலைக்கு மேலே பிடித்தால் கல் தெறித்துப் போகிறது. கண்டுபிடித்தது நான். காவேரி டிவியிடம் "பரவால்லியே" என்றாள். ஒரு வார்த்தைதான். மாலை வரை அதையே நினைத்துக்கொண்டு மாட்டுக்குத் தீனி போட்டேன்.

நிவேதா போனில் கத்தினாள். முடித்தால் கடைசியில் பேர் எழுதச் சொல்லும் என்கிறாள், அந்தக் காலத்துக் கேம் எல்லாம் அப்படித்தானாம். இங்கிலீஷில். எனக்குப் பெரிய எழுத்து இருபத்தாறும் தெரியும். என் பேர் மாதம்மாள். நீளம். மாது என்று போடலாம். எம், ஏ, டி, எச், யு. நோட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது.

புரட்டாசி 15, செவ்வாய்

ஆயுத பூஜை. வீடு பூராவும் கழுவல்.

பூஜைக்கு வைத்தவை: அரிவாள், கொடுவாள், மண்வெட்டி, கடப்பாரை. செல்வியின் தையல் மெஷின். மகன் வண்டி. மிக்சி. அரிவாள்மணை. இந்த வருஷம் புதிதாக டிவி கேம் பெட்டி, ரிமோட் இரண்டு, கேசட்.

இந்த மாதத்தில் என் கை அதிகம் பிடித்த ஆயுதம் அதுதான். விட்டுவிட்டால் தப்பு.

எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் நானே வைத்தேன். வேலை செய்கிற இடத்தில் வைக்க வேண்டும், பிடியில் வைத்தால் போதாது. அரிவாளுக்கு வெட்டுகிற வாயில். மெஷினுக்கு ஊசிப் பக்கம். கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். கீழே பல் பல்லாகப் பித்தளை வரிசை. வேலை அங்கேதான் நடக்கிறது. நல்லா குழைத்து மூன்று பொட்டு வைத்தேன். பொரி, கடலை, பூசணிக்காய் உடைப்பு. காவேரி வாசலுக்கும் பொரி போச்சு, கோழியிடம் சொல்லி.

இன்று எதையும் எடுத்து வேலை செய்யக்கூடாது. கை பரபரத்தது.

புரட்டாசி 16, புதன்

கேசட் ஓடவில்லை.

டிவி வெறும் சாம்பல் நிறம். ஊதினேன். எடுத்துப் போட்டேன். தட்டினேன். காவேரி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் கேசட்டைத் திருப்பின ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். பல் வரிசையில் மஞ்சளாக அப்பி, காய்ந்து. அப்போதே தெரிந்துவிட்டது.

நிவேதா போன் செய்தாள். "என்ன ஆச்சு ஆயா?"

"கேசட்டு பழசு கண்ணு. எத்தினி வருசம் பரண்ல கெடந்துது. அதுவா போயிடுச்சி."

சொல்லிவிட்டுத் திரும்பினால் காவேரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியை இல்லை. என்னை. ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். ஒயரைச் சுற்றி வைத்தாள். போய்விட்டாள்.

புரட்டாசி 17, வியாழன்

வெயில். இரண்டு மணி ஆச்சு. வரவில்லை. மூன்று. வரவில்லை. முற்றத்தில் கோழிக்கு அரிசி போட்டாள், கோழியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. எழுதுகிறேன்.

அச்சுக்காரன் விடவில்லை. நான் எழுதின தாளிலேயே அவள் பேர் இல்லை.

வேண்டும் என்று விடவில்லை. கொழுந்தனார் அதற்கு முந்தின வருஷம் தவறிவிட்டார். பத்திரிகையில் பேர் வருவது ஆம்பளையை வைத்துத்தான், இன்னார், இன்னார் மனைவி இன்னாள் என்று. அவர் இல்லை, அதனால் அந்த வரியே எனக்கு வரவில்லை. அவள் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிவேதாவுக்குத் தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதும்போது அவள் நினைவே வரவில்லை. வேண்டும் என்று விட்டிருந்தால்கூட அது சண்டை என்று ஆகியிருக்கும். இது அதைவிடக் கேவலம்.

பத்திரிகை வந்த அன்று எல்லோரும் கூடி நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று பேர் வாங்கினவள் நான். 'அச்சாபீசுக்காரன் கண்ணு தெரியாதவன்' என்றேன். ஒரு நொடியில் வாயில் வந்துவிட்டது. நேற்று வந்த மாதிரியே.

இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை. வேறு யாராவது எழுதினால் என் வரியும் இருக்காது.

புரட்டாசி 18, வெள்ளி

காலையில் முதல் வேலையாக நிவேதாவுக்கு போன்.

"கண்ணு, கேசட்டு பழசானதுல போவல. பூசைக்கு வெச்சி பல்லுல சந்தனம் வெச்சேன். நாந்தான்."

"பல்லுலயா?" என்றாள். அப்புறம் சிரித்தாள். சிரித்தாள், சிரித்தாள், இருமல் வந்துவிட்டது. "ஆயா, இது வரைக்கும் ஒலகத்துல எந்தக் கேசட்டும் இப்புடிச் செத்திருக்காது." பிறகு வழி சொன்னாள். தண்ணீர் படக்கூடாது. காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டி, பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

ரப்பர் எங்கள் வீட்டில் இல்லை. படிக்கிற பிள்ளை யாரும் இல்லை.

பக்கத்து வாசலுக்குப் போனேன். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த நிலைப்படி. கோழி அங்கேதான் நின்றது. அதனிடம் சொன்னேன்:

"கேசட்டுல சந்தனம் வெச்சது நாந்தான். நிவேதாகிட்டயும் சொல்லிட்டேன். ரப்பர் இருந்தா தேவல."

உள்ளே இருந்து குரல், அதுவும் கோழிக்குத்தான்: "முந்தாநேத்தே மஞ்சளாத் தெரிஞ்சிது. பாப்பம், யாரு வாயில வருதுன்னு இருந்தேன்."

ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். நிவேதாவின் பள்ளிக்கூடத்துச் சாமான். ரிப்பன், ஸ்கேல், பல்பம், பாதி தேய்ந்த ரப்பர். அடியில் மடித்து ஒரு பத்திரிகை. மஞ்சள் தடவின மூலை. எந்தப் பத்திரிகை என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பேர் இல்லாததை எடுத்து வைத்திருக்கிறாள்.

அச்சுக்காரன் விஷயத்தைச் சொல்ல வேண்டிய இடம் அது. ரப்பரை மட்டும் எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவளே தேய்த்தாள். அரை மணி நேரம். பித்தளை பளபள. போட்டோம். சிவப்பும் நீலமும் வந்து நின்றார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

புரட்டாசி 21, திங்கள்

ஸ்டேஜ் 8 வரை. அஞ்சு உசிரும் போச்சு. கட்டை விரலில் கொப்புளம். அவளுக்கும். விளக்கெண்ணெய்.

நிவேதாவிடம் கேட்டேன்: "காவேரின்னு இங்கிலீசுல எத்தினி எழுத்து?"

"ஆறு ஆயா. எதுக்கு?"

"சும்மா."

கே, ஏ, வி, இ, ஆர், ஐ.

புரட்டாசி 22, செவ்வாய்

முடிந்தது.

கட்டை விரலில் கொப்புளம் உடைந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டரைக்கே வந்துவிட்டாள். ஒன்பதாவது ஸ்டேஜுக்குப் போனபோது மூன்றே கால் இருக்கும். உசிரு ஒன்று பாக்கி. சுரங்கத்தில் தண்ணீர் ஏறுகிறது. கீழே முட்டளவு, இடுப்பளவு. மேலே வெளிச்சம் தெரிகிறது, வாசல். அதற்கும் இரும்புக் கதவு. கதவுக்குக் கல் ஒன்றே ஒன்று, கீழே தண்ணீரில். உள்ளே போனவன் திறந்துவிட இரண்டாவது கல் எங்கேயும் இல்லை. தேடினேன். இல்லை.

ஒருத்தர் நின்றால் ஒருத்தர் போகலாம். நிற்பவர் அவ்வளவுதான்.

"செவப்பு போவட்டும்," என்றாள் காவேரி. "நீலம் நிக்கும்."

"நீலம் போவட்டும். செவப்புக்கு வயசாச்சி."

"தண்ணி ஏறுது, நாயம் பேசற நேரமா இது? போங்கன்னா போங்க!"

'ங்க' வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

போனேன். குதித்து, கொடி பிடித்து, வவ்வாலை அடித்து, கதவு தாண்டி வெளியே. கீழே நீலம் கல் மேல் நின்றுகொண்டே இருந்தான், தண்ணீர் தலைக்கு மேல் போகும் வரை. அசையவில்லை. ஒரு நொடி சத்தம் எதுவும் இல்லை. பிறகு மலை, சூரியன், பாட்டு. சிவப்பு உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

அப்புறம் கறுப்புத் திரை. ஆறு கட்டம். பக்கத்தில் முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று எண் இறங்குகிறது.

நீலத்துக்கு என்று வேறு கட்டம் கொடுக்கவில்லை. வெளியே வந்தவன் பேருக்கு மட்டும்தான் இடம்.

கே. ஏ. வி. எண் பன்னிரண்டு. இ. ஆர். விரல் தாண்டிப் போய் எஸ் வந்துவிட்டது, திரும்பி வந்தேன். ஐ. எண் மூன்று.

பேர் மின்னி மின்னி நின்றது. காவேரி என் பக்கம் திரும்பினாள்.

"என்னாங்க எழுதியிருக்குது?"

"உம் பேரு."

திரும்பி டிவியைப் பார்த்தாள்.

"அச்சுக்காரன் விடல, காவேரி. மஞ்சத் தண்ணிப் பத்திரிகைக்கு நான் எழுதிக் குடுத்த தாள்லயே உம் பேரு இல்ல. நான் மறந்துட்டேன். மறந்துட்டு அவன் மேல போட்டேன்."

"தெரியுங்க அக்கா."

"எப்புடித் தெரியும்?"

"மறுநாளே பாப்பாரப்பட்டிக்குப் போனேன். அச்சாபீசுல நீங்க எழுதின தாள எடுத்துக் குடுத்தாரு. பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணுகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். ரெண்டு வாட்டி படிச்சிது பாவம், இல்ல ஆயான்னுச்சி."

"பன்னெண்டு வருசமாத் தெரியுமா? யாருகிட்டயும் சொல்லலியா?"

"என்னாத்துக்கு? எழுதத் தெரிஞ்சவங்கன்னு ஊருல உங்கள ஒசத்தியா நெனைக்கறாங்க. அதக் கெடுக்கறதா?" மூக்கைச் சிந்தினாள். "பேரு விட்டது மறதி. அது எனக்குக் கோவமில்ல. எம் மூஞ்சியப் பாத்து அச்சுக்காரரு விட்டுட்டாருன்னீங்க பாருங்க. நீங்களா என்னைக்காவது சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க எங்க சொன்னீங்க. அச்சுக்காரருதான் பாவம், ஊரே திட்டுச்சி."

இரண்டு பேரும் அழவில்லை. கொஞ்சம் அழுதோம்.

போட்டோ எடுத்தேன். ஓரத்தில் என் விரல் விழுந்திருக்கிறது. நிவேதாவிடமிருந்து உடனே போன்: "ஆயா! உங்க பேரு எங்க?" சின்னாயாவிடம் கேள் என்று போனைக் கொடுத்துவிட்டேன்.

சுவிட்சை நிறுத்தினால் பேர் போய்விடுமாம். நிறுத்தவில்லை.

புரட்டாசி 24, வியாழன்

நேற்று சாயந்திரம் இடி. செல்வி வேனிலிருந்து இறங்கி ஓடிவந்து எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டாள். பேர் போச்சு. காலையில் காவேரியிடம் சொன்னேன், நேராகவே. "போனாப் போவுதுங்க," என்றாள்.

இன்று கல்யாணப் பத்திரிகைக்குத் தாள் எழுதினேன். இன்னார் மனைவி என்று எழுதவில்லை. பெரியவர்கள் வரிசையில் முதல் வரி அவள், அடுத்த வரி நான், பேர் மட்டும். செல்வி பார்த்துவிட்டு, "ஊருல கேப்பாங்களே அத்தை?" என்றாள். கேட்கட்டும். எழுதினது நான் என்று சொல்.

அச்சுக்குப் போகும் முன் காவேரியை உட்கார வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். அவள் வரி வந்ததும் விரலை வைத்துக் காட்டினேன். கிட்டே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தாள். முகம் சரியில்லை. என்ன தப்பு என்று கேட்டேன்.

"வெறும் காவேரின்னு போட்டா எந்தக் காவேரின்னு கேப்பாங்க. காவேரியம்மாள்னு முழுசா எழுதுங்க அக்கா. அந்தப் பொட்டியிலதான் எடம் இல்ல. இதுல இருக்குதில்ல?"